ஜாமூன் சோடாக்காரி

ராக்கையாவின் வலது கையைக் கிழித்தது அவனே கழுவி, அவனே தண்ணீர் நிரப்பிய ஒரு கோலி சோடா பாட்டில்தான். 2006ஆம் வருஷத்துப் பங்குனி வெயில். திருப்பூரில் காங்கேயம் சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள் அவன் சோடா மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தான். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே பாட்டில்கள் உருளும், சிலிண்டரிலிருந்து கேஸ் ஏறும். கழுத்தில் விரிசல் விட்டிருந்த பாட்டில் ஒன்று அவன் கண்ணுக்குத் தப்பியிருந்தது. வெளியே எடுக்கும்போது கையிலேயே வெடித்தது.

காயம் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மடங்க மறுத்தன. தள்ளுவண்டியைத் தள்ளலாம், பாட்டிலைப் பிடித்துக் கோலியை அமுக்க முடியாது.

"மெஷினக் குடுத்துரலாம் அனுசு," என்றான், கட்டு அவிழ்த்த அன்றைக்கு. "கலர் பாட்டில் வந்தப்பவே ஏவாரம் பாதி போச்சு. இப்ப கையும் போச்சு."

அனுசுயா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சாயல்குடிப் பக்கம் மழை பொய்த்துக்கொண்டே போனதால் இருவரும் கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவர்கள். அவன் சோடா வண்டி போட்டான், அவள் தையல் படித்தாள். ஒரே மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு வருமானம் இருந்த இடத்தில் இப்போது ஒன்று.

"குடுக்க வேணாம்," என்றாள் அனுசுயா. "நான் வண்டி போடுறேன்."

ராக்கையா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பொம்பளையா சோடா விக்கிறது? கம்பெனி வேலய விட்டுட்டா?"

"அங்க நான் தைக்கிறது கம்பெனிக்காரங்க மெஷினு. இது நம்ம மெஷினு. என்னைக்கு அவுங்க வேணாங்கிறாங்களோ அன்னைக்கு நான் எந்திரிச்சு வரணும். இத யாரு வந்து எந்திரிக்கச் சொல்லுவா?"

 அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த மாதம் முடிந்ததும் அனுசுயா கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மெஷினைச் சுற்றக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கீறல் இருந்தால் அந்த நிமிஷமே சாக்கில் போட்டு உடைத்தாள். தான் வேலை பார்த்த அதே கம்பெனி கேட்டுக்கு எதிரில் வண்டியை நிறுத்தினாள்.

வியாபாரம் நடக்கவில்லை. ஆம்பளைகள் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சென்னிமலை என்பவனின் பேக்கரிக்குத்தான் போனார்கள். அங்கே டீ, பப்ஸ், சிகரெட், அரட்டை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. ஒரு பெண் கைவண்டியில் நின்று சோடா உடைப்பதை வேடிக்கை பார்த்தார்களே தவிர, யாரும் கிட்டே வரவில்லை. பெண்களோ பேக்கரிக்கும் போவதில்லை, வண்டிக்கும் வருவதில்லை. சாயங்கால இடைவேளையில் கேட்டுக்கு உள்ளேயே சுவர் நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு லைனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

செக்கிங் பிரிவில் இருந்த ரோஸ்மேரிதான் அந்த வழக்கத்தை உடைத்து வண்டிக்கு வந்தாள். நாசரேத்துக்காரி. அனுசுயாவோடு ஒரே லைன் வீட்டில் குடியிருப்பவள். பழக்கத்துக்காக ஒரு சோடா வாங்கினாள். பாதி குடித்ததும் முகம் சுளித்தாள்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. காலையில ரெண்டு இட்லியப் போட்டுட்டு வந்து, மத்தியானம் ஆறுன சோத்தத் தின்னுட்டு, இந்நேரத்துக்கு இதக் குடிச்சா வயிறு எரியாதா? பசிக்கவும்லா செய்யுது? எங்களுக்கு இனிப்பா, வயித்துல நிக்க மாதிரி எதாவது வேணும்க்கா. ஸ்வீட் கடையில போயி உக்கார நேரமும் கெடையாது."

"இனிப்பு வேணுமா, சோடா வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா எப்படி இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே ரோஸ்மேரி உள்ளே ஓடினாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதை அனுசுயா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. ஸ்வீட் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ஒரு ஜாமூனை, ஒரு துண்டு பால்கோவாவைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்க முடியுமா? முடியும் என்றால், அதில் பால் இருந்தே ஆகவேண்டும்.

வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் ரோஸ் சிரப் வாங்கி வந்தாள். தம்ளரில் சிரப், அதன்மேல் பால், அதன்மேல் சோடா. ஊற்றிய மறுகணமே பால் திரிந்து, வெள்ளைத் துணுக்குகளாக மேலே மிதந்தது. ராக்கையா எட்டிப் பார்த்தான்.

"கொழந்த கக்குன மாதிரி இருக்கு," என்றான். "சோடான்னா சுர்ருன்னு ஏறணும். அதுல போயி யாராச்சும் பால ஊத்துவாகளா?"

அனுசுயா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால் என்ன செய்வாள்? நூலை மாற்றிப் பார்ப்பாள், பிறகு ஊசியை, பிறகு நூலின் இறுக்கத்தை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எங்கே என்று தெரியாது. அதையே இங்கேயும் செய்தாள். ஒரு தம்ளரில் பாலும் சோடாவும் மட்டும். இன்னொன்றில் பாலும் சிரப்பும் மட்டும். சிரப் ஊற்றிய பால் உடனே திரிந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தாள். இனிப்புக்கு அடியில் ஒரு புளிப்பு. கெடாமல் இருக்க லெமன் சால்ட் சேர்த்திருக்கிறார்கள். சோடா ஊற்றிய பால் கொஞ்ச நேரம் தாங்கியது. வெயில் ஏறியபிறகுதான் அதுவும் முறிந்தது.

ஆக, கடை சிரப் ஆகாது. பால் சில்லென்று இருக்கவேண்டும், கெட்டியாகவும் இருக்கவேண்டும். பாகைத் தானே காய்ச்ச முடிவு செய்தாள்.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று அவளுக்கே நினைவில்லை. கேசரியின் வாசம் வரட்டும் என்று பாகில் நெய் விட்டாள். சோடா பட்டதும் நெய் உறைந்து மெழுகுபோல் மிதந்து, குடித்த ரோஸ்மேரியின் மேலுதட்டில் மீசையாக ஒட்டிக்கொண்டது. முந்திரியை அரைத்துப் போட்டாள். அது அடியில் போய்ச் சேறாகத் தங்கியது. ரோஸ் எசன்ஸும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிய பாகு வாசமாக இருந்தது, ஆனால் ஜாமூன் இல்லை. சோப்பு வாசம் என்றான் ராக்கையா. அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது.

ஜாமூனில் வேறென்ன இருக்கிறது? ஒன்றை வாங்கி வந்து பிட்டுப் பிட்டுத் தின்று பார்த்தாள். வெளியே அந்தப் பழுப்புத் தோலில் ஒரு கருகல் ருசி. பால் பொரிந்த ருசி. வெறும் வாணலியில் பால் பவுடரைக் கொட்டி, சிறு தீயில், மண் நிறம் வரும்வரை வறுத்தாள். அதைப் பாகில் போட்டுக் கொதிக்கவிட்டு, ரோஸும் ஏலக்காயும் சேர்த்து, துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பனியன் துணியில் வடித்தாள். பாகு தேன் நிறத்தில் இறங்கியது. சுண்டக் காய்ச்சி ஐஸில் வைத்திருந்த பாலை அதோடு கலந்து, தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, விளிம்போரமாகச் சோடாவை விட்டாள். நுரை பொங்கி மேலே வந்து, வழியாமல் நின்றது. பால் திரியவில்லை.

ராக்கையா ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். தம்ளரை வைக்கவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"இது சோடா இல்ல," என்றான். காலித் தம்ளரை நீட்டி, "ஆனா இன்னொரு தம்ளர் குடு," என்றான்.

மறுநாள் காலையில் அவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ராக்கையா இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, உடம்பையே சாய்த்துச் சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.  பேசினால் நிறுத்திவிடுவானோ என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஜாமூன் சோடாவும், சர்க்கரையைப் பாலோடு பாத்திர விளிம்பில் ஏடு படியச் சுண்டக் காய்ச்சிச் செய்த கோவா சோடாவும் வண்டிக்கு வந்தன. முதல் நாள் ரோஸ்மேரியும் அவள் இழுத்துவந்த மூன்று நான்கு பேரும்தான். இரண்டு வாரத்தில் இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் தம்ளரோடு நின்றார்கள், சத்தமாகச் சிரித்தார்கள், சம்பளத்தைப் பேசினார்கள், சூப்பர்வைசரைத் திட்டினார்கள். அந்தத் தெருவில் பெண்கள் நின்று எதையாவது குடித்து யாரும் பார்த்ததில்லை.

சென்னிமலைக்கு இது பொறுக்கவில்லை. பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்த ஆம்பளைகளிலும் சிலர் வண்டிப் பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏனுங்கம்மணி, கேட்டுல இப்படிக் கூட்டம் சேந்தா கண்டெய்னர் லாரி எப்படிங்க உள்ள வரும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். "நான் உங்க நல்லதுக்குச் சொல்றனுங்க. வேற எடம் பாத்துக்குங்க."

"லாரி வர்றப்ப தள்ளிக்கிறேங்க," என்றாள் அனுசுயா.

மறுநாள் வாட்ச்மேன் வந்து, ஆபீசில் சொல்லிவிட்டார்கள், கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கக் கூடாது என்றான். சொல்லும்போது அவன் கண்கள் பேக்கரிப் பக்கம் போய் வந்தன. அவள் சண்டை போடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பி, ஒரு காலி மனையில் நின்ற வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். மனைக்காரர் வீட்டுக்கே போய் அனுமதியும் வாங்கிக்கொண்டாள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இடைவேளை பத்தே நிமிஷம். தெருமுனை வரை நடந்து வந்து, வரிசையில் நின்று, குடித்துவிட்டுத் திரும்ப நேரம் போதவில்லை. ஓடி வந்தவர்கள் பாதியில் ஓடினார்கள். மெல்ல மெல்ல வருவது குறைந்தது.

அனுசுயா ஒரு பெரிய தகரத் தட்டு செய்யச் சொன்னாள். அதில் உடைத்த ஐஸைப் பரப்பி, தம்ளர்களை வரிசையாகப் புதைத்து, பாகும் பாலும் முன்கூட்டியே ஊற்றி வைத்தாள். மணிச் சத்தம் கேட்டதும் ராக்கையா இடது கையால் பாட்டில்களை எடுத்துக் கொடுக்க, அவள் கோலியை அமுக்கி அமுக்கி வரிசையாக ஊற்றிக்கொண்டே போவாள். பெண்கள் வந்து சேரும்போது நுரை பொங்கிக்கொண்டிருக்கும். எடுத்துக் குடித்துவிட்டு, காசைத் தட்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். கூட்டம் திரும்பி வந்தது.

ஒருமுறை கத்திரி வெயிலில் கேன் பால் முறிந்துவிட்டது. முதலில் குடித்தவள் துப்பினாள். அடுத்தவள் தம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். அனுசுயா ஒரு வார்த்தை சொல்லிச் சமாளிக்கவில்லை. கேனைத் தூக்கி அத்தனை பேர் முன்னாலும் சாக்கடையில் கவிழ்த்தாள். அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கேனைத் திறக்கும்போதும் முதல் தம்ளரை அவளே, வந்து நிற்பவர்கள் பார்க்க, குடித்தாள். அந்தப் பழக்கத்தை அவள் கடைசிவரை விடவில்லை.

2008ஆம் வருஷம் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் கம்பெனி முதலாளியின் மனைவி சாரதாமணி வேப்பமரத்தடிக்கு வந்தார். உற்பத்தி முழுக்க அவர் பொறுப்பில்தான் நடந்தது. ஒரு கோவா சோடாவை நின்றபடியே குடித்தார்.

"நம்ம புள்ளைங்க எல்லாம் இதத்தானுங்க கேக்கறாங்க. வருஷா வருஷம் கலர் பாட்டில்தான் குடுக்கறம். இந்த வாட்டி பூசைக்கு உங்க சோடாவையே வெச்சுக்கலாம். மொத்த கம்பெனிக்கும் ஆகுங்களா?"

மொத்த கம்பெனி என்றால் நானூறு பேருக்குமேல். ராக்கையாவின் முகம் வெளுத்தது. அனுசுயா, "ஆகுங்க," என்றாள்.

பூஜைக்கு முந்தின நாள் பெரிய அண்டாவில் பாலைச் சுண்டக் காய்ச்சி, கேன்களில் நிரப்பி, தெரிந்த ஐஸ்கிரீம் ஏஜென்சியின் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு வந்தாள். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் போன கரண்ட் விடிந்தும் வரவில்லை. அந்தத் தெரு டிரான்ஸ்பார்மரே போய்விட்டிருந்தது. காலையில் கேனைத் திறந்தாள். வாசத்திலேயே தெரிந்துவிட்டது. முழுதாக ஆறுமுன் உள்ளே வைத்தது தன் அவசரம்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பண்டிகை நாள் காலையில் அவ்வளவு பாலுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் காய்ச்சி ஆறவைக்க நேரமில்லை.

"போயி உண்மையச் சொல்லிருவோம்," என்றான் ராக்கையா. "கலர் பாட்டில் வாங்கிக்கட்டும்."

"சொல்லத்தான் போறேன். ஆனா வண்டிய எடு. சோடாவையும் பாகையும் ஏத்து. ஐஸ் பாளம் கம்பெனிக்கே வந்துரும்."

கம்பெனிக்குள் நுழைந்தபோது பூஜை முடிந்திருந்தது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு லைனுக்கும் வாழைக்கன்று, பொரிகடலை. தரையெங்கும் உடைத்த தேங்காய் மூடிகள். லைனுக்கு லைன், பிரிவுக்குப் பிரிவு போட்டி போட்டுக்கொண்டு தேங்காய் உடைத்திருந்தார்கள். எல்லாம் காங்கேயத்திலிருந்து சாக்கு சாக்காக வந்த காய்கள்.

அனுசுயா அவற்றைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நேராகச் சாரதாமணியிடம் போனாள்.

"அம்மா, பால் கெட்டுப்போச்சு. என் தப்புதான். கெட்டதக் கொண்டாந்து குடுக்க மாட்டேன். ஆனா இந்தத் தேங்காயத் தந்தீங்கன்னா பாலெடுத்துச் செஞ்சு தர்றேன். கேன்டீன் கிரைண்டர ஜெனரேட்டர்ல ஓட்டணும். நாலஞ்சு பேரு ஒத்தாசைக்கு வேணும்."

சாரதாமணி யோசித்தார். "பூசத் தேங்காயுங்க. அவங்கவங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களே?"

"சாமிக்கு ஒடச்சத எல்லாரும் சேந்து குடிச்சா நல்லதுதானேம்மா."

"இதுக்கு முன்னால தேங்காப் பாலுல செஞ்சிருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா. முதல் தம்ளர உங்க முன்னால செய்றேன். நான் குடிக்கிறேன், நீங்களும் குடிங்க. சரியில்லைன்னா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிர்றேன்."

ஒரு மூடியைத் துருவி, கையால் பிழிந்து, ஏலக்காய்ப் பாகு விட்டு, ஐஸ் போட்டுச் சோடா ஊற்றினாள். தேங்காய் பர்பியைக் கரைத்துக் குடித்ததுபோல் இருந்தது. அனுசுயாவுக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. சாரதாமணிக்கு அதுவே பிடித்துப்போனது. "ஜெனரேட்டரப் போடச் சொல்லுங்க," என்றார் அவர், யாரையோ பார்த்து.

ரோஸ்மேரி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தாள். "யக்கா, நான் கீறித் தாரேன். ஏட்டி, எல்லாரும் கைய நல்லாக் கழுவிட்டு வாங்க!" என்று செக்கிங் பிரிவையே திரட்டினாள். சிலர் தேங்காய் கீறினார்கள், சிலர் அரைத்தார்கள். ஸ்டோரிலிருந்து சாயம் போடாத துணி வந்தது. அதை வெந்நீரில் அலசிப் பால் பிழிந்தார்கள். முதலில் எடுத்த கெட்டிப்பால் மட்டும்தான் என்று அனுசுயா கறாராகச் சொல்லிவிட்டாள். தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுத்தால் இன்னும் நிறைய வரும் என்று ஒருத்தி சொன்னபோது, "நிறைய வரும், ருசி வராது," என்றாள்.

கடைசியில் எல்லாருக்கும் போதவில்லை. கட்டிங் பிரிவு ஆம்பளைகளுக்குப் பாகும் சோடாவும் மட்டுமே கிடைத்தது. அனுசுயா அவர்களிடம் தானே போய்ச் சொல்லி, அடுத்த திங்கட்கிழமை வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னாள். சொன்னபடியே அவர்கள் வந்தார்கள், அவளும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளிலிருந்தும் கேட்டு வந்தார்கள். ஆனால் நல்ல காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. 2009 தொடக்கத்தில் பல கம்பெனிகளில் பாதி மெஷின்களுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். தெற்கத்திக் குடும்பங்கள் மூட்டை கட்டின. வேப்பமரத்தடியில் தகரத் தட்டில் பாதித் தம்ளர்கள்தான் நிறைந்தன. சென்னிமலையே ஒரு நாள் வந்து, ஒரு ஜாமூன் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "எனக்கும் ஏவாரம் இல்லீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். தம்ளரைக் கழுவியும் வைத்தான்.

ரோஸ்மேரிக்கும் வேலை போனது. ஊருக்குப் போவதாகச் சொல்லி விடைபெற வந்தாள். அனுசுயா பாகு கிண்டிக்கொண்டிருந்தாள், கரண்டியை நிறுத்தவில்லை.

"ஊருல போயி என்ன செய்வ?"

"என்னத்தச் செய்ய? பாப்போம்."

"இங்க கூட்டம் கொறஞ்சா, கூட்டம் இருக்கிற எடத்துக்கு நாம போவோம். பல்லடத்துல பாத்தேன். நாலு பக்கமும் பஸ்ஸு. எறங்குற சனம் தாகமாத்தான் எறங்குது. பழைய வண்டி ஒண்ணு பேசிட்டு வந்திருக்கேன். அதுல நீ நில்லு."

"யக்கா, எனக்குப் பாட்டில் ஒடைக்கவே தெரியாதே. கூட்டத்துல நின்னு கூவவும் வராது."

"ஒடைக்க அவரு சொல்லித் தருவாரு. கூவ வேணாம். தம்ளரத் தட்டுல வரிசையா வச்சு நொரைய ஏத்து. பாக்குறவன் வருவான்."

ராக்கையா கொட்டகையிலிருந்து ஒரு பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "இங்க வா தங்கச்சி," என்றான். "முதல்ல வெயிலுக்கு நேரே தூக்கிப் பாரு. கீறல் இருக்கான்னு பாரு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

ரோஸ்மேரி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

பல்லடத்தில் முதல் வாரம் ஒப்பேறவில்லை. பஸ் கண்டக்டர்கள் மட்டும்தான் குடித்தார்கள். இரண்டாம் வாரத்தில் கண்டக்டர்கள் டிரைவர்களைக் கூட்டி வந்தார்கள். அதற்கடுத்து, கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பஸ் மாறும் இடைவெளியில் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஜாமூனைவிடக் கோவாதான் பிடித்தது. இந்தச் செய்தி வந்த அன்றைக்கே அனுசுயா அண்டாவில் இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றி, அடுப்பைக் கூட்டி வைத்தாள்.